பினாங்கிலிருந்து காட்டுக்கும் கடலுக்கும்: ஆய்வாளர்களோடு களத்துக்குப் போக நினைக்கும் அறிவியல் ஆசிரியருக்கு

அமெரிக்காவில் 1990 முதல் பள்ளி ஆசிரியர்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நோவா என்ற அரசு அமைப்பு நடத்தும் ‘டீச்சர் அட் சீ’ திட்டம் அது. ‘போலார்டிரெக்’ என்று இன்னொன்று, ஆசிரியர்களைத் துருவப் பகுதிகளுக்கே கூட்டிக்கொண்டு போனது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, “நாமும் மனு போடலாமா?” என்று நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். முடியாது. முதல் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். மற்றதும் அந்த நாட்டு ஆசிரியர்களை மனத்தில் வைத்து உருவானதுதான்.

பினாங்கில் இருப்பவர் இதற்காக வருத்தப்படத் தேவையில்லை. குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தீவின் வடமேற்கு மூலையில், முக்கா ஹெட் பக்கம், அதே பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம். நடுவில் நிற்கும் பினாங்கு மலையை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அக்கரையில் செபராங் பிறைச் சேற்றுக்கரைக்கு ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து பறவைகள் வருகின்றன. இங்கே எல்லாம் யாராவது ஓர் ஆய்வாளர் ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டோ அளந்துகொண்டோ இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர்வதற்குப் படிவம் கிடையாது. ஆளைத் தேடி, கேட்டு, உழைத்துத்தான் சேரவேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

போவதற்கு முன், என்னவாகப் போகிறோம்?

களத்தில் கூடுதலாக ஓர் ஆள் என்றால் கூடுதலாக ஒரு சாப்பாடு, படகில் ஓர் இடம், விழுந்து கால் உடைந்தால் சுமந்துவர நாலு பேர். ஆகவே உங்கள் கடிதத்தைப் படிக்கிற ஆய்வாளர் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவர் வந்தால் என் வேலை குறையுமா, கூடுமா? குறையும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் மீதியெல்லாம் தானாக நடக்கும்.

சுற்றிப் பார்க்கிற விருந்தாளியாகப் போகவேண்டாம். அரைகுறை விஞ்ஞானியாகவும் போகவேண்டாம். குழுவுக்கு ஒரு ஜோடிக் கை என்ற எண்ணத்தோடு போங்கள். அறிவியல் ஆசிரியரின் கைக்குத் தனி மதிப்பு உண்டு. உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு என்று வருடம் முழுக்க நாம் பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறோமே, களத்தில் பாதி வேலை அதுதான். ‘குரங்குக்குப் பசி’ என்று எழுதினால் அது ஊகம். ‘இளந்தளிர் தின்றது, 7.40’ என்று எழுதினால் அது தரவு. புதிதாக வரும் பல்கலைக்கழக மாணவர்களில் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். உங்களுக்கோ இது கைவந்த கலை.

பக்கத்திலேயே தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் சபா, அண்டார்டிகா என்று கிளம்பாதீர்கள். ஒரு நாளில் போய்விட்டு இரவு வீட்டுச் சோறு சாப்பிடும் இடங்களில் சில தடவை வேலை செய்துவிட்டால், உங்கள் உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துவிடும். உங்களுக்காகப் பேச ஓர் ஆய்வாளரும் கிடைப்பார்.

தொடங்க மிக எளிதான வேலை ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987 முதல் நடக்கிறது, பல நாடுகளிலும் தன்னார்வலர்கள்தான் எண்ணுகிறார்கள். நம் பக்கத்தில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள கரை இதற்குப் பேர்போனது. நீர் வற்றியிருக்கும்போது உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் சேறு முழுவதும் சிதறி இரை தேடும், அப்போது எண்ண வராது. நீர் ஏற ஏற அவை கரையோரம் ஒதுங்கி ஒரே கூட்டமாக உட்காரும். அந்த நேரம் பார்த்துத்தான் போவார்கள். ஆயிரக்கணக்கான பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணமுடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியவைத்துக்கொண்டு, அதே அளவை அளவுகோலாகக் கொண்டு கூட்டத்தை ஓட்டிப்போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவார்கள். முதல் நாள் உங்கள் எண்ணும் அடுத்தவர் எண்ணும் கொஞ்சமும் ஒத்துப்போகாது. பரவாயில்லை, பழகிவிடும்.

இந்தக் கணக்கெடுப்புக்கும் வேறு பலவற்றுக்கும் வாசல் மலேசியன் நேச்சர் சொசைட்டி. 1940-இல் தொடங்கிய பழைய அமைப்பு, பினாங்கிலும் கிளை உண்டு. 1985-86-இல் எண்டாவ் ரொம்பினுக்கும் 1993-94-இல் பெலுமுக்கும் பெரிய அறிவியல் பயணங்களை நடத்தியவர்கள் இவர்கள்தான். அந்த இரண்டு காடுகளும் பிற்பாடு பூங்காக்களாகக் காப்பாற்றப்பட்டதற்கு அப்போது சேர்ந்த தரவு பெரிய ஆதாரமாக நின்றது. பள்ளிகளில் நடக்கும் இயற்கை ஆர்வலர் கழகத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே அமைப்பு. உங்கள் பள்ளியில் அந்தக் கழகம் இருந்தால் அதன் பொறுப்பாசிரியர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

தெலுக் பஹாங் பக்கம் கண்ணாடிக் குரங்குகளைப் பின்தொடரும் லங்கூர் ப்ராஜெக்ட் பினாங் குழு இருக்கிறது. பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்பவர்கள். சாலையில் அடிபட்டுச் சாகும் குரங்குகளுக்காக 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்து மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள சாம்பல் நிறக் குரங்கு அது. குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். அதைப் பார்த்து வியந்துகொண்டே நின்றால் அடுத்த பதிவு நேரம் தவறிவிடும்.

முக்கா ஹெட் கடல் நிலையத்துக்குப் போக 101-ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங் இறங்கி, 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் வாசலிலிருந்து படகு. அங்கே சும்மா எட்டிப் பார்க்க முடியாது, முன்பே எழுதிக் கேட்க வேண்டும். பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன, அங்கே ஆமை பாதுகாப்பு மையமும் உண்டு.

கடிதம் எழுதுவது

பேராசிரியருக்கு எழுதுங்கள், ஆனால் நம்பிக்கையை அவருடைய முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் மேல் வையுங்கள். களத்தில் உண்மையில் இறங்கி நிற்பது அவர்கள்தான், எப்போதும் ஆள் பற்றாக்குறையில் இருப்பவர்களும் அவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யார் எதை ஆராய்கிறார் என்று பார்த்து, உங்களுக்குப் பிடித்த பொருளில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், அரைப் பக்கம் தாண்டவேண்டாம். ‘சிறு வயது முதலே இயற்கைமேல் எனக்கு’ என்று ஆரம்பிக்கும் கடிதம் பாதியிலேயே மூடப்படும். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

‘செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் சனி, ஞாயிறு முழுவதும் ஒதுக்க முடியும். நீந்தத் தெரியும். படகில் எனக்குக் குமட்டும், மாத்திரை போட்டுக்கொள்வேன். டேட்டா ஷீட் நிரப்புவது, புட்டிகளுக்குப் பெயர் ஒட்டுவது, சாமான் தூக்குவது, எதுவானாலும் சரி. நீரின் கலங்கலை எப்படி அளக்கிறீர்கள் என்று கற்று, அதை என் வகுப்பில் செய்து காட்ட நினைக்கிறேன். சாப்பாடு, போக்குவரத்துச் செலவு என்னுடையது.’

குமட்டலைச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். சொல்லுங்கள். குறையை முன்பே சொல்பவரைத்தான் களத்தில் நம்புவார்கள். கடைசிக்கு முந்தின வரியில் உள்ள அந்த ஒரே கேள்வியும் முக்கியம். ‘எல்லாவற்றையும் கற்க வேண்டும்’ என்றால் எவரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அப்புறம் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

பள்ளி, வீடு, அரசாங்கக் காகிதங்கள்

வார இறுதி உங்களுடையது. இருந்தாலும் தலைமையாசிரியர் காதில் போட்டுவைப்பது நல்லது. பள்ளி நாள்களைத் தொடும் பயணம் என்றால் பல்கலைக்கழகத்திடமிருந்து பள்ளியின் பெயருக்கு மலாயில் ஓர் அழைப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் தலைமையாசிரியரும் மாவட்டக் கல்வி இலாகாவிடம் பேச வசதியாக இருக்கும். உங்கள் வகுப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் நீங்களே பேசி முடித்துவிட்டு, பெயரோடு போய் நில்லுங்கள். பணித்திற மேம்பாட்டு நேரமாகக் கணக்கில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு அரசு ஊழியர் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதல் பயணத்திலேயே மாணவர்களை அழைத்துப் போகலாமா? வேண்டவே வேண்டாம். அது வேறு பொறுப்பு, வேறு காகிதம்.

ஆய்வு உரிமங்களை ஆய்வாளர்தான் எடுப்பார். ஆனால் அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் வேலை. தீபகற்பத்தில் வனவிலங்கு தொடர்பானது என்றால் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை, காட்டுக்குள் நுழைவது என்றால் மாநில வனத்துறை, சபாவில் உயிரினங்களை ஆராய்வதென்றால் சபா பல்லுயிர் மையம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆசிரியர் என்பதற்காக விட்டுக்கொடுக்காது. ‘பிள்ளைகளுக்குக் காட்டலாமே’ என்று ஓர் இறகையோ முட்டை ஓட்டையோ பைக்குள் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சபா, சரவாக் போனால் குடிநுழைவு முகப்பு உண்டு, அடையாள அட்டை கட்டாயம்.

வீட்டில், “சம்பளத்தையும் குடுத்து அட்டைக்கடியும் வாங்கப் போறியாம்மா?” என்று கேட்பார்கள். யார் யார் வருகிறார்கள், குழுவில் வேறு பெண்கள் உண்டா, எங்கே தூங்குவது, தொலைபேசி எடுக்குமா என்பதை ஆய்வாளரிடம் கேட்டு வீட்டில் சொல்லிவிடுங்கள். ரோயல் பெலும் போன்ற இடங்களில் பெரும்பாலும் தொடர்பு கிடைக்காது. ‘ரெண்டு நாள் போன் வராது, பயப்படாதீங்க’ என்பதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

உடம்பு

தண்ணீர்மலைக் கோயில் படிகள் 500-க்கு மேல் இருக்கின்றன. முதுகில் ஏழெட்டுக் கிலோ சுமையோடு வாரம் ஒருமுறை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறவந்த பிறகு, தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகப் பினாங்கு மலை. உச்சி 833 மீட்டர். இறங்கும்போது முட்டி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள், காட்டில் சிக்கல் வருவது இறக்கத்தில்தான்.

பல நாள் பயணம் என்றால் மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றில் இறங்கப்போகிறோம் என்று சொன்னால் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். மலேரியாவும் இன்னும் ஒழிந்துவிடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை 2018-லிருந்து உள்நாட்டில் இல்லை, ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை காட்டோரத்தில் இன்றும் தொற்றுகிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் சீக்கிரம் முற்றிவிடும். ஆகவே திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், பனடோலை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். கிளினிக்கில் ‘காட்டுக்குப் போய்வந்தேன்’ என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

சர்க்கரை, ஆஸ்துமா, இரத்த அழுத்தம் எதுவாக இருந்தாலும் குழுத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர் போகவே கூடாது என்பதில்லை, ஆனால் ஐஸ் பெட்டி எங்கே என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

பையில் என்ன

காலணிக்குப் பெரிய காசு செலவழிக்காதீர்கள். பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வரும் அந்தக் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’, ஈரச் சேற்றில் பல நூறு ரிங்கிட் சப்பாத்துகளைவிட நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் புகுந்தாலும் சீக்கிரம் காயும். சாதாரண அளவைவிட ஒன்று பெரிதாக வாங்கி, உள்ளே அட்டைக்கான நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல், நகத்தை வாய்ப் பக்கம் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். கொஞ்ச நேரம் இரத்தம் கசியும், அவ்வளவுதான்.

உடுப்பில் ஒரே சட்டம்: ஒரு ஜோடி ஈரம், ஒரு ஜோடி காய்ந்தது. பகலில் போட்டது நனைந்தே இருக்கும். இரவில் காய்ந்ததைப் போட்டுத் தூங்கி, காலையில் மறுபடி அந்த ஈர உடுப்புக்குள் நுழைய வேண்டும். சில்லிட்டுப்போகும், மனம் வராது. காய்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் அன்றிரவு குளிரில் தூக்கம் போச்சு. ஜீன்ஸ் வேண்டாம்.

ஒரு சாரோங் கண்டிப்பாக. ஆற்றில் குளிக்க, உடை மாற்ற, போர்த்திக்கொள்ள எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். மாதவிலக்குக்கான பொருள்கள் நாள் தள்ளி இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைக் காட்டில் புதைக்காமல் மூடிய பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி, விசில், தண்ணீர் புகாத ட்ரை பேக், தைலம். பவர் பேங்க் இருந்தால் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. முகாம்களில் நெத்திலி, சார்டின், மேகி என்றுதான் ஓடும். நீங்கள் சைவமா, மாட்டிறைச்சி தொடமாட்டீர்களா, புரட்டாசி விரதமா என்பதைச் சாமான் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். போன இடத்தில் சொன்னால் சமைப்பவருக்கும் சங்கடம், உங்களுக்கும் வெறும் சோறு. பருப்புப்பொடியும் ஊறுகாயும் ஒரு டப்பாவில் எடுத்துப்போனால், இரண்டாம் நாள் சைவம் சாப்பிடாதவர்களும் கை நீட்டுவார்கள்.

களத்தில்

முதல் நாள் குறைவாகப் பேசி நிறையக் கவனியுங்கள். ஆய்வாளர் ‘டாக்டர்’. படகுக்காரரும் வழிகாட்டியும் வயதுக்குத் தக்கபடி ‘அபாங்’, ‘காக்’, ‘பாக் சிக்’. பெலும் பக்கம் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஜஹாய், தெமியார் மக்கள். அவர்கள் ஓரிடத்தில் நின்றால் நீங்களும் நில்லுங்கள். முனைவர் பட்டம் பெற்றவர் சொல்வதற்கும் அவர்கள் சொல்வதற்கும் முரண் வந்தால், நான் அவர்கள் பக்கம்தான். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

இனி வேலை. புதியவருக்குப் பெரும்பாலும் டேட்டா ஷீட்டைத்தான் கையில் கொடுப்பார்கள். சின்ன வேலை கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தரவு கெட்டுப்போனால் படகு, பெட்ரோல், அட்டைக்கடி எல்லாம் வீண்.

பென்சில்தான். மழையில் பேனா மை கரைந்துவிடும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்காமல், ஒரே கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போடுங்கள். முதலில் என்ன எழுதினீர்கள் என்பதும் பின்னால் தேவைப்படலாம். தேதியில் மாதத்தைப் பெயராக எழுதுங்கள், 3/4 என்று போட்டால் மார்ச்சா ஏப்ரலா என்று ஒரு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும்விட இதைக் கவனியுங்கள்: தேடிப் பார்த்தும் ஒன்றுமே இல்லை என்றால் 0 போட வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால் ‘பார்க்கவே இல்லை’ என்று அர்த்தம். காலை முழுக்கச் சுற்றி ஒரு தடம்கூடக் கிடைக்காத நாளில் வரிசையாக 0 எழுதக் கை வராது, ஏதாவது ஒன்றாவது இருக்கட்டுமே என்று மனம் கெஞ்சும். எழுதுங்கள்.

ஆய்வாளர் அளந்து எண்ணைக் கத்துவார். நீங்கள் அதே எண்ணைத் திரும்பச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். ‘முப்பத்தொன்று புள்ளி நாலு.’ ‘முப்பத்தொன்று புள்ளி நாலு.’ அடுத்த மரம். மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது உலக வழக்கம். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்ப்பார்கள், பலகைவேர் உள்ளது என்றால் வேருக்கு மேலே. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் 1980-கள் முதல் இப்படித் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். அங்கே மர இனங்கள் மட்டும் சுமார் 800. ஒரு மரம் வளர்ந்ததா என்பது போன தடவை யாரோ ஒருவர் பென்சிலால் எழுதிய எண்ணை நம்பித்தான் தெரியும்.

இரவில் முகாமுக்கு வந்ததும், குளிக்கும் முன்பே, அன்றைய தாள்களைப் போனில் படமெடுத்துவிடுங்கள். தாள் ஒரு பையில், போன் வேறொரு பையில்.

ஆறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாமல், திடீரென்று சுவராக வந்து இறங்கும். மலாயில் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். 2021 ஆகஸ்டில் கெடா குனோங் ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது இதுதான். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கூடுவது: இதில் ஒன்றைக் கண்டாலும் கையில் இருக்கும் கருவியைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கருவி போனதற்காக எந்த ஆய்வாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கூடாரத்தை ஆற்றங்கரையை ஒட்டி அடிக்கக் கூடாது, பட்ட மரத்தின் கீழும் கூடாது.

கடலில் சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன். பினாங்குக் கரையில் பெட்டிச் சொறிமுட்டை வகைகளும் உண்டு. கொட்டினால் தேய்க்காமல் வினிகர் ஊற்றி உடனே மருத்துவமனை. படகில் வினிகர் இருக்கிறதா என்று ஏறும்போதே பாருங்கள்.

வகுப்பறைக்குக் கொண்டுவருவது

அழகான படங்களை வரிசையாகக் காட்டுவதைத்தான் பலரும் செய்கிறார்கள். பிள்ளைகள் ‘ஓ’ என்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். அதைவிட, களத்தில் செய்த ஒரே ஒரு அளவீட்டைப் பள்ளித் திடலில் செய்யவையுங்கள். தூங்குமூஞ்சி மரமோ அங்சானாவோ போதும். சுவரில் 1.3 மீட்டரைக் குறித்துப் பிள்ளைகளை நிற்கவைத்தால் சிலருக்கு மோவாய், சிலருக்கு மூக்கு. அந்த உயரத்தில் நூலைச் சுற்றி, நீளத்தை அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம். ஐந்து குழு ஒரே மரத்தை அளந்தால் ஐந்து விடை வரும். ஏன் வந்தது என்று கேளுங்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாம் அங்கே தானாக வந்து நிற்கும். அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள் அதே மரத்தை அளப்பார்கள், ஆகவே தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கடல் நிலையத்துக்குப் போய்வந்தவர் செக்கித் தட்டு செய்யலாம். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை நாலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் இரும்பு நட்டு கட்டி, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. தண்ணீரில் இறக்கிக் கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால், அதுதான் நீரின் தெளிவு. மழைக்கு முன் ஒருநாள், மழைக்குப் பின் ஒருநாள். படகுத்துறை போன்ற பத்திரமான இடத்தில், பெரியவர்கள் துணையோடு மட்டும்.

படங்களை வெளியிடும்போது ரஃப்ளேசியா, ஆமைக்கூடு, அரிய ஆர்க்கிட் இருக்குமிடத்தைச் சொல்லாதீர்கள். போனில் இருப்பிடக் குறியை அணைத்துவிடுங்கள். திருடுபவர்களும் அதையெல்லாம் படிக்கிறார்கள். ஆய்வாளர் தன் தரவை வெளியிடும் முன் நீங்கள் முந்திக்கொள்வதும் முறையில்லை. பிள்ளைகள் அளந்த தாளின் படம் ஒன்றை அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த பயணத்துக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வர அது போதும்.

அடுத்து எங்கே

தைப்பிங் பக்கம் மாத்தாங் அலையாத்திக் காடு, சுமார் 40,000 ஹெக்டேர். 1902 முதல் திட்டமிட்டு வெட்டி, நட்டு, மறுபடி வளர்க்கிறார்கள். பினாங்கிலிருந்து காரில் போய் அன்றே திரும்பலாம். அதற்கு மேல், ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரையில் திரங்கானு பல்கலைக்கழகத்தின் ஆமை ஆய்வுப் பிரிவு தன்னார்வலர்களை ஒரு வாரம் தங்கவைத்து வேலை கொடுக்கிறது. இரவு முழுவதும் கரையில் விழித்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக்கரைத் தீவுகள் மூடிக்கிடக்கும் என்பதால், ஆண்டிறுதி விடுமுறை இதற்கு உதவாது. ஆண்டு நடுவில் வரும் விடுமுறைக்கு முன்கூட்டியே இடம் பிடியுங்கள்.

அதையும் பார்த்துவிட்டால் சபாவின் டானும் பள்ளத்தாக்கு. 1986 முதல் அங்கே கள நிலையம் இயங்குகிறது. 100.8 மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மெராந்தி மரம் ஒன்றை 2019-இல் ஏறி நாடாவால் அளந்தது அந்தக் காட்டில்தான். அங்கே போக உங்களைக் கூட்டிப்போகும் ஆய்வாளர் வேண்டும், அதாவது மேலே சொன்ன எல்லாம்.

அண்டார்டிகா? 1980-களில் ஐ.நா. சபையில் அண்டார்டிகா உடன்படிக்கையை எதிர்த்து வழக்காடிய மலேசியா, 2011-இல் அதிலேயே சேர்ந்தது. சுல்தான் மிசான் பெயரிலான அண்டார்டிகா ஆய்வு அறக்கட்டளை 2012-இல் வந்தது. ஆய்வாளர்களுக்கு நிதி கொடுத்து அனுப்புகிறார்கள். ஆசிரியர் ஒருவருக்கு இது தொலைதூர ஆசைதான், ஆனால் போய்வந்த ஆய்வாளரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்கலாம். அதற்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

இந்த வருடமே தொடங்க நினைத்தால் கணக்கு இப்படி. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை கொட்டும், உட்கார்ந்து கடிதங்களை எழுதுங்கள். நவம்பரில் தண்ணீர்மலை. டிசம்பரில் சப்பாத்து, காலுறை, மருத்துவர். ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே வறண்ட மாதங்கள், பறவைக் கணக்கெடுப்பும் அப்போதுதான். தொலைநோக்கி வாங்க அவசரப்படாதீர்கள், குழுவில் யாரிடமாவது இருக்கும். தொப்பி, தண்ணீர், இரண்டு பென்சில் போதும். அன்றைய நீரேற்ற நேரத்தை மட்டும் முந்தின நாளே பார்த்துவைத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கரையில் இருங்கள்.